சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழுகிறது! நீ எந்தப் பக்கம்?

காதில் விழுந்ததா?

தட்டு உருண்டது. நாற்காலி சாய்ந்தது. ஓர் அலறல். பிறகு குழந்தையின் அழுகை.

நீ என்ன செய்தாய்? தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாய்!

உன் மனைவி எழுந்து கதவருகே போனாள். "அது அவங்க குடும்ப விஷயம், நமக்கு எதுக்கு வம்பு?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாய்.

புந்தோங்கில் இருந்தாலும் சரி, சிலிபினில் இருந்தாலும் சரி, சுங்கை சிப்புட்டில் இருந்தாலும் சரி. உன்னைத்தான் கேட்கிறேன்! அடித்தவனைப் பற்றிப் பிறகு பேசுவோம். அடிபட்டவளைப் பற்றியும் பேசுவோம். முதலில் நீ பதில் சொல்.

உன் பாட்டி வாழ்ந்த லயத்தை நினைத்துப் பார்.

நீளமாக ஒரே கூரை. வரிசையாக வீடுகள். நடுவில் பலகைத் தடுப்பு. பல லயங்களில் அந்தத் தடுப்பு கூரைவரை போகாது. மேலே இடைவெளி. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்றாம் வீட்டில் தும்முவார்கள். ராத்திரி ஒரு குழந்தை இருமினால், விடிவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து கஷாயம் வரும்.

அந்த இடைவெளி வழியாகத்தான் அடி விழும் சத்தமும் போனது. எல்லோருக்கும் கேட்டது!

விடிகாலை இருட்டில் பெரட்டுக் களத்தில் அவள் வந்து நின்றாள். தலைத்துணியை முன்னால் இழுத்து வீங்கிய கன்னத்தை மறைத்திருந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தோட்டம் போய்விட்டது. கித்தா மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் சாய்த்துத் தாமான் கட்டினார்கள். பலகைத் தடுப்பு போய்க் கல்சுவர் வந்தது.

சுவர் தடித்தது. உன் காதுமா தடித்துவிட்டது?

கோலகங்சாருக்குப் போனால் ஒரு ரப்பர் மரத்தைக் காட்டுவார்கள். 1877-இல் நட்ட கன்றுகளில் எஞ்சி நிற்பது. நூற்றாண்டு கடந்தும் வேலி போட்டுக் காக்கிறார்கள். நல்லது, காக்கட்டும். அந்த மரத்தின் வம்சத்தில் பால் வடித்து நம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட பெண்களைக் காக்க நீ என்ன வேலி போட்டாய்?

"எங்க ஆளுங்க பயந்த ஜனங்க. இதெல்லாம் மாறாது." இப்படியா சொல்கிறாய்?

பொய்! உன் முப்பாட்டன் கோழையில்லை.

1941. சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். ஆர். எச். நாதன் முன்னால் நின்றார். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். எங்கள் பெண்கள்மீது கை வைக்காதே என்றார்கள்!

பிரிட்டிஷ் அரசு ராணுவத்தை இறக்கியது. துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் போயின. கோரிக்கை மட்டும் வரலாற்றில் நின்றது.

1946, 1947. கெடா மாநிலம், பீடோங். ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல். குடித்தே அழிந்துகொண்டிருந்த தோட்டத்து மக்களைத் தோட்டத்து மக்களே தட்டி எழுப்பினார்கள். விளம்பர நிறுவனம் இல்லை. பணம் இல்லை. மனிதர்கள் இருந்தார்கள்!

இவர்கள் பேரன் நீ. இவர்கள் பேத்தி நீ.

துரையின் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்களின் வாரிசு, பக்கத்து வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நிற்க நடுங்குவதா?

இன்னொன்றும் கேட்கிறேன். துரை தொட்டால் அநியாயம். புருஷன் மிதித்தால் குடும்ப விஷயமா? வலி அவளுக்கு ஒன்றுதானே!

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்கைக் கேள். உலகில் ஏறத்தாழ 3 பெண்களில் ஒருவர், வாழ்நாளில் ஒருமுறையாவது உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகிறார். பெரும்பாலும் அதைச் செய்பவன் கணவன் அல்லது காதலன். உன் தெருவில் எத்தனை வீடு? நீயே எண்ணிக்கொள்.

"அரசாங்கம் பிரச்சாரம் பண்ணுதே, அது போதாதா?" என்கிறாய்.

போதாது! பிரச்சாரம் தவறான ஆளைப் பார்த்துப் பேசினால், அது உதவாதது மட்டுமல்ல, காயப்படுத்தவும் செய்யும்.

2020 மார்ச் 18. மலேசியாவில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. கதவுகள் மூடின. அடிப்பவனும் அடிபடுபவளும் ஒரே வீட்டுக்குள் பூட்டப்பட்டார்கள். அந்த மாத முடிவில் மகளிர் நல அமைச்சு சுவரொட்டிகளை வெளியிட்டது. என்ன சொன்னது தெரியுமா? கணவரை நச்சரிக்காதீர்கள். டோராமோன் பொம்மையின் குரலில் கொஞ்சிப் பேசுங்கள். வீட்டிலிருந்தாலும் ஒப்பனை செய்துகொள்ளுங்கள்.

நாடே கொதித்தது. உலகச் செய்திகளில் வந்தது. அமைச்சு மன்னிப்புக் கேட்டுச் சுவரொட்டிகளை நீக்கியது.

எங்கே பிழை? வீட்டில் அமைதி நிலவ வேண்டிய பொறுப்பு முழுவதையும் பெண்ணின் தலையில் வைத்தார்கள். அங்கேதான் பிழை!

நீயும் அதையே செய்கிறாய். "நீ வாயை மூடிட்டு இருந்தா அவன் ஏன் அடிக்கப் போறான்?" என்று உன் தங்கையிடம் கேட்டாயே, அதுவும் அந்தச் சுவரொட்டியும் ஒன்றுதான். அமைச்சு மன்னிப்புக் கேட்டுவிட்டது. நீ எப்போது கேட்கப் போகிறாய்?

இப்போது சரியான ஆளைப் பார்த்துப் பேசிய பிரச்சாரத்தைச் சொல்கிறேன்.

2008, இந்தியா. பிரேக்த்ரூ என்ற அமைப்பு 'பெல் பஜாவோ' என்று தொடங்கியது. மணியை அடி என்று பொருள். தொலைக்காட்சியில் சின்னச் சின்னப் படங்கள். வீட்டுக்குள் ஒருவன் மனைவியை அடிக்கிறான். வெளியே ஒருவருக்குக் கேட்கிறது. அவர் தயங்குகிறார். எழுந்து போய் அந்த வீட்டு மணியை அடிக்கிறார்.

கதவு திறக்கிறது. "கொஞ்சம் பால் கிடைக்குமா?" அவ்வளவுதான்! இன்னொரு படத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் போய்ப் பந்து கேட்கிறார்கள்.

சண்டை போடவில்லை. அறிவுரை சொல்லவில்லை. சட்டம் பேசவில்லை. ஆனால் அடித்தவனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது: எனக்குக் கேட்டது!

அந்தப் படம் அடிபட்ட பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவனை எழுப்பியது. ஆண்களை எழுப்பியது. பையன்களை எழுப்பியது.

உன் வீட்டில் சீனி தீரவே தீராதா? உப்பு தீராதா? "அக்கா, கொஞ்சம் சீனி இருக்கா?" என்று போய் நிற்க உனக்கு யாருடைய அனுமதி வேண்டும்?

தென்னாப்பிரிக்காவைப் பார். 1999-இல் 'சோல் சிட்டி' என்ற தொலைக்காட்சித் தொடர். அதில் ஒருவன் மனைவியை அடிக்கிறான். தெரு மக்கள் திரண்டு வந்து, அவன் வீட்டு வாசலில் நின்று பானைகளைத் தட்டுகிறார்கள். டங்! டங்! டங்! யாரும் அவன்மீது கை வைக்கவில்லை. சத்தம் மட்டும்!

நாடகத்தோடு நின்றதா? நிஜத் தெருக்களிலும் மக்கள் பானை தட்டினார்கள். தெம்பிசா என்ற ஊரில் ஒரு மதுக்கடை. ஒருவன் தன் காதலியை அடித்தான். அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்து பாட்டில்களைத் தட்டி எதிர்ப்பைக் காட்டினார்கள்.

குடித்துக்கொண்டிருந்தவர்கள்! அவர்களுக்கே அது தப்பு என்று தெரிந்தது. தெளிவாக உட்கார்ந்திருக்கும் உனக்குத் தெரியாதா?

தப்பும் மேளமும் இல்லாமல் நம் திருவிழா நடந்ததுண்டா? சத்தம் போடத் தெரியாத சமூகமா நாம்?

"இதெல்லாம் நாலு நாள் பரபரப்பு. அடிக்கிறவன் அடிச்சிட்டேதான் இருப்பான்." அப்படியா?

உகாண்டா, கம்பாலா. 'சசா' என்ற பிரச்சாரம். சுவரொட்டி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அந்தந்தப் பகுதியில் வாழும் சாதாரண ஆண்களையும் பெண்களையும் பழக்கினார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் அக்கம்பக்கத்தில் பேசினார்கள். பிறகு ஆய்வாளர்கள் அளந்தார்கள். முந்தைய ஓராண்டில் துணைவனிடம் அடிபட்ட பெண்கள், பிரச்சாரம் நடக்காத பகுதிகளைவிட 52 விழுக்காடு குறைவு! 2014-இல் ஆய்வு வெளியானது.

மாறாது என்றவனே, இப்போது என்ன சொல்கிறாய்? மனிதன் பேசினால் மனிதன் மாறுவான். பேச ஆள் வேண்டும். அந்த ஆள் நீ!

உன் அடுத்த சாக்கு எனக்குத் தெரியும். "அவன் குடிச்சிருக்கான். தெளிஞ்சா நல்லவன்."

குடித்தவன் ஏன் மண்டோரை அடிப்பதில்லை? ஏன் முதலாளியை அடிப்பதில்லை? சாலைத் தடுப்பில் நிறுத்தும் போலீஸ்காரனை ஏன் அடிப்பதில்லை? வீடு வந்து சேரும்வரை அவன் கை அடங்கித்தானே இருக்கிறது! யாரை அடித்தால் கேட்க ஆளில்லை என்று போதையிலும் அவனுக்குத் தெரிகிறது. உன் மௌனம்தான் அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது.

"நான் தலையிட்டா கேஸ் என் மேல வரும்."

வராது! நம் நாட்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994. 1996 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது அவதூறு வழக்குப் போட முடியாது என்றும் சொல்கிறது. உன் பயத்தை முன்கூட்டியே யோசித்து எழுதிவைத்த சட்டம் அது. ஒருமுறையாவது படித்தாயா?

அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1985-இல் பெட்டாலிங் ஜெயாவில் பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடிக் கண்காட்சி வைத்தன, பட்டறை நடத்தின. நாட்டின் முதல் பெண்கள் காப்பகத்தை 1982-இல் திறந்த பெண்கள் உதவி அமைப்பும் அதில் இருந்தது. ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ் போன்றவர்கள் 80-களில் இந்தப் போராட்டத்தை முன்னெடுத்தார்கள். "கட்டில் அறைக்குள் சட்டம் நுழையலாமா?" என்ற முணுமுணுப்பைத் தாண்டினார்கள். கண்காட்சியிலிருந்து சட்டம் நடப்புக்கு வரும்வரை 11 ஆண்டுகள்!

11 ஆண்டுகள் அவர்கள் தட்டினார்கள். நீ ஒரு கதவை ஒருமுறை தட்டமாட்டாயா?

"எனக்கு நம்பர் தெரியாது." இந்தச் சாக்கையும் இப்போதே முடித்துவிடுகிறேன்.

15999. தாலியான் காசே. அரசாங்கத்தின் 24 மணி நேர உதவி எண். வாட்சப் 019-261 5999. பெண்கள் உதவி அமைப்பு 03-3000 8858. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

2017-இல் சட்டம் இன்னும் வலுப்பெற்றது. அவசரப் பாதுகாப்பு ஆணை வந்தது. போலீஸ் புகார் கொடுத்திருக்க வேண்டியதில்லை. நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. சமூக நலத்துறை அதிகாரியே 2 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். 7 நாள் செல்லும். அந்த 7 நாளில் ஒரு பெண் மூச்சுவிடலாம். யோசிக்கலாம். வழி தேடலாம்.

அடிபட்டிருந்தால் ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. அவசரப் பிரிவில் கேட்டால், இப்படிப்பட்ட பெண்களுக்கென்றே ஏற்பாடு உண்டு. ஒரே இடத்தில் சிகிச்சை, போலீஸ் புகார், நலத்துறை உதவி. 90-களில் கோலாலம்பூரில் தொடங்கி நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளுக்குப் பரவிய முறை இது. அவளைத் தனியாக அனுப்பாதே. கூடப் போ. பக்கத்தில் உட்கார்.

ஈப்போவில் பேராக் விமன் ஃபார் விமன் சொசைட்டி இருக்கிறது. ஆலோசனை தருகிறார்கள், வழிகாட்டுகிறார்கள். தெரியாது என்று இனிமேல் சொல்லாதே!

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். பயம் வந்தால் நீ மனிதன் என்று அர்த்தம். பயத்தோடு எழுந்து நில்!

வீரம் வேண்டும், மூடத்தனம் வேண்டாம். அவன் கையில் கத்தி இருந்தால் கதவருகே போகாதே. உடனே 999. தனியாகப் போகாதே. எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிடு. இரண்டு பேராகப் போங்கள், நான்கு பேராகப் போங்கள். அவனோடு கைகலப்பு வேண்டாம். நீ அடித்துவிட்டு வந்தால், அந்தக் கோபத்தையும் அவள்தான் இரவு முழுக்க வாங்குவாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் அவளைப் பார். "ஏன் இன்னும் இவனோட இருக்கே?" என்று கேட்காதே. "எனக்குக் கேட்டுச்சு. நீ எப்ப கூப்பிட்டாலும் வர்றேன்" என்று சொல். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கொஞ்சம் பணம், ஒரு மாற்றுத்துணி. ஒரு பையில் போட்டு உன் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். உன் அலமாரியில் ஒரு பைக்கு இடமில்லையா?

தோற்பாய். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீ கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுக்க வைப்பாய். அவள் மறுநாளே திரும்பப் பெறுவாள். அவனோடு மோட்டார் சைக்கிளில் உன் வாசலைத் தாண்டிப் போவாள். உன் முகத்தைப் பார்க்கமாட்டாள். உனக்கு எரியும். "இனிமே செத்தாலும் போகமாட்டேன்" என்பாய்.

போக வேண்டும்! பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கையில் காசில்லாமை, சொந்தக்காரர் பேச்சு, அவன் கொல்வேன் என்று மிரட்டியது. இத்தனையும் அவள் காலைக் கட்டியிருக்கின்றன. ஒரே தடவையில் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு வர எல்லோராலும் முடியாது. விட்டுப் போகும் நேரம்தான் அவள் உயிருக்கு மிக ஆபத்தான நேரம் என்பதையும் மறந்துவிடாதே. இரண்டாம் முறை கூப்பிட்டால் இரண்டாம் முறை போ. ஐந்தாம் முறை கூப்பிட்டால் ஐந்தாம் முறையும் போ.

பெற்றவர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. மகள் பையோடு வாசலில் வந்து நின்றால், "புருஷன்னா அப்படித்தான், பொறுத்துப் போ" என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். ஊர் கருமாதிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

தங்கையே, இதை நீ மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கலாம். உன் மேல் தப்பில்லை. குழம்பில் உப்புக் குறைந்தது குற்றமில்லை. பதில் பேசியது குற்றமில்லை. அடித்ததுதான் குற்றம்! உன்னை நான் அதட்டமாட்டேன். நீ எப்போது கிளம்புவது என்று உனக்குத்தான் தெரியும். கிளம்பும் நாளில் கதவு திறந்திருக்க வேண்டியது எங்கள் கடமை. அந்த 15999-ஐ மட்டும் மனப்பாடம் செய்துகொள்.

அடிப்பவனே, நீயும் படிக்கிறாயா? படி. உன்னாலும் மாற முடியும். கை ஓங்குமுன் வெளியே போய் நிற்க முடியும். குடியை விட முடியும். உதவி கேட்க முடியும். முடியாது என்று சொல்லாதே. முதலாளி முன்னால் அடங்கும் கை, மனைவி முன்னால் அடங்காதா? மாறும்வரை உன் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருப்போம்.

மீண்டும் உன்னிடம் வருகிறேன், பக்கத்து வீட்டுக்காரனே.

நவம்பர் 25 வரும். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்க ஐ.நா. 1999-இல் அறிவித்த நாள். ஆரஞ்சு நிறத்தில் படம் போடுவார்கள். நீயும் பகிர்வாய். பகிர்ந்துகொள். ஆனால் பகிர்ந்துவிட்டுப் படுத்துவிடாதே!

அதற்கு முன்பே கோயில் நிர்வாகக் கூட்டம் வரும். மேளத்துக்கு எவ்வளவு, அன்னதானத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு யார் பொறுப்பு என்று பேசி முடிப்பீர்கள். "வேற ஏதாவது இருக்கா?" என்று தலைவர் கேட்பார்.

எழுந்து நில்.

"இருக்கு தலைவரே. நம்ம தாமான்ல ஒரு பொண்ணு அடி வாங்குறா. நாம என்ன செய்யப் போறோம்?" என்று கேள்.

சபை அமைதியாகிவிடும். ஒருவர் தொண்டையைக் கனைப்பார். "அதெல்லாம் இங்க எதுக்கு?" என்று இன்னொருவர் முறைப்பார். உன் குரல் நடுங்கும்.

நடுங்கட்டும். உட்காராதே! இன்னொரு முறை கேள்!